இறம்பொடை இறக்கத்தில் படித்தது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின்மேல் பாய் விரித்த மாதிரிக் கிடக்கிற நிலம். பருத்தித்துறையில் இருந்து பண்ணை வரைக்கும் பாரத்தோடு ஓடினாலும் மேட்டுக்காகக் கியரை இறக்க வேண்டிய இடம் ஒன்றுகூட வராது. இந்தத் தட்டை நிலத்தில் வளர்ந்த பெடியள்தான் ஒரு காலத்தில் நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றி, மலையால் இறங்கி, சுன்னாகம் சந்தையில் கொண்டுவந்து குவித்தார்கள். அவர்களுக்கு மலையைச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பயிற்சிப் பாடசாலையும் இல்லை. லொறியின் இடப்பக்கத்துச் சீட். அந்தச் சீட் இன்றைக்கு வெறுமையாக ஓடுகிறது. இதை எழுத வைத்த கவலை அதுதான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சிறிமாவோ அரசாங்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்ததற்கு அதுவரை கண்டிராத விலை வந்தது. தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள், யாவாரிகள் லொறி வாங்கினார்கள். லொறி கூடக்கூட றைவர் தேவைப்பட்டது. றைவர் ஆவதற்குக் கிளீனராக ஏறுவதைத் தவிர வேறு வாசல் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு நானும் அந்த வாசலால் ஏறினவன்.

கிளீனருக்கு ஸ்ரியரிங்கைத் தொட விட மாட்டார்கள். முதலில் ரயர். பின்பக்கத்து இரட்டைச் சில்லில் உள்ளே இருக்கிற ரயர் காற்றுப் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது; வெளி ரயர் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஜக் லீவரை எடுத்துக் குனிந்து, உள் ரயரில் ஓங்கித் தட்ட வேண்டும். காற்றுள்ள ரயரில் லீவர் துள்ளித் திரும்பும், கை அதிரும். காற்றுப் போனதில் 'தொப்' என்று அமுங்கிவிடும். தெரியாமல் அப்படியே ஓடினால் வெளி ரயர் இரண்டு ரயரின் பாரத்தையும் சுமந்து சூடேறி வெடிக்கும். இருட்டில், மழையில், நித்திரை வெறியில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதைச் செய்ய வேண்டும். செய்யாமல் 'பாத்திட்டன் அண்ணை' என்று சொன்னவனை எங்கள் றைவர் அண்ணை சத்தத்தை வைத்தே பிடித்துவிடுவார். அவர் சீட்டில் இருந்தபடியே தட்டுகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

அடுத்தது பாரம். வெங்காயம் மூச்சு விடுகிற சாமான். படங்கை நாலு பக்கமும் இறுக்கி மூடினால் உள்ளே வெக்கை பிடித்து, கொழும்புப் புறக்கோட்டைக்குப் போய்ச் சேர முதல் அடிச்சாக்கு அழுகத் தொடங்கிவிடும். அதனால் மழை இல்லாத இடத்தில் முன்னும் பின்னும் படங்கைச் சுருட்டிக் காற்று விட வேண்டும். புத்தளம் பக்கம் மழை கறுத்தால் ஓடிப்போய் இழுத்துக் கட்ட வேண்டும். செத்தல் மிளகாய் நேர்மாறு. நிறை குறைவு, உயரம் கூட. சாக்குகள் மலைபோல் எழும்பி நிற்கும். வளைவில் லொறியின் தலை வெளியே சாயும். காங்கேசன்துறைச் சீமெந்து ஏற்றினால் உயரமே இருக்காது, ஆனால் பிறேக் பிடித்த பிறகும் லொறி போய்க்கொண்டே இருக்கும். ஒரே லொறி, ஒரே றோட்டு, மூன்று விதமான ஓட்டம். எதை ஏற்றியிருக்கிறது என்பதை முதுகால் உணர வேண்டும் என்று அண்ணை சொல்வார். வருடக்கணக்கில் இடப்பக்கத்தில் குந்தியிருந்தால் முதுகு தானாகப் படித்துக்கொள்ளும்.

முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும் லொறி ஒன்றும் நிற்காமல் போகாது. இறங்கித் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவோம். நித்திரை தூங்கும் நேரத்தில் அந்த நிறுத்தம் றைவரைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். கால் நீட்டி, முகம் கழுவி, ரயரைத் தட்டிப் பார்த்து ஏறுகிறவனுக்கு மாங்குளம் காட்டுக்குள் கண் செருகாது. கும்பிடும் ஓய்வும் ஒன்றாகக் கலந்திருந்த அந்த ஏற்பாட்டை யார் தொடக்கி வைத்தாரோ, அவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

ஸ்ரியரிங் என் கைக்கு வந்ததும் அந்தப் பக்கத்தில்தான். வெறும் லொறி, விடியப்புறம், ஆளில்லாத நேர் றோட்டு. அண்ணை இடப்பக்கம் மாறி இருந்துகொண்டு ஒரு வார்த்தை சொன்னார்: "காதால ஓட்டு." அந்தக் காலத்துக் கியர்ப் பெட்டி இப்போதையது போல இணங்கிப் போகாது. கிளச்சை ஒருக்கால் மிதித்து நியூற்றலுக்கு எடுத்து, விட்டு, என்ஜினைச் சற்று றேஸ் பண்ணி, மறுபடி மிதித்துத்தான் கீழ்க் கியரைப் போட வேண்டும். என்ஜினின் சுற்றும் சில்லின் சுற்றும் ஒத்துவராவிட்டால் பல்லோடு பல் உராய்ந்து கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணைக்குப் பல் கூசும். சட்டப்படி பார்த்தால் லைசென்ஸ் இல்லாதவனிடம் லொறியைக் கொடுத்தது பிழை. அப்படிக் கொடுத்து உயிர் போன கதைகளும் உண்டு. கன்னத்தில் அடி வாங்கிக்கொண்டு, படிக்காசுக்கு மட்டும் பத்து வருடம் தேய்ந்த கிளீனர்களும் இருந்தார்கள். பழைய காலத்தைப் பொன்னாக்கிக் காட்டுவதற்கு நான் ஆள் இல்லை. ஆனால் லைசென்ஸ் எடுத்த நாளிலேயே ஒருவனைத் தனியாகப் பாரத்தோடு மலைக்கு அனுப்புகிற வழக்கம் அந்தக் காலத்தில் இருக்கவில்லை.

மலை என்றால் எங்களுக்கு நுவரெலியா–கண்டி றோட்டில் இருக்கிற இறம்பொடை. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். இடையில் 80 கிலோமீற்றர்கூட இல்லை. அத்தனை உயரத்தையும் மரக்கறிப் பாரத்தோடு, வளைந்து வளைந்து இறங்க வேண்டும். லைசென்ஸ் எடுத்து முதல் தடவை நான் பிடித்தபோது அண்ணை பக்கத்தில் இருந்தார். தேயிலைத் தோட்டத்து முதல் வளைவுக்கு முன்னமே சொல்லிவிட்டார்.

"ஏறின கியரிலதான் இறங்கோணும் தம்பி. வளைவுக்குள்ள போய்க் கியர் தேடக்கூடாது. கழட்டினா திரும்ப விழாது."

இந்த மூன்று வசனத்துக்குள் ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது. இறக்கத்தில் பிறேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிறம் சூடேறும், லைனிங் கருகும், கருகக் கருகப் பிடி குறையும். கால் அடிவரை போனாலும் லொறி நிற்காது. கீழ்க் கியரில் விட்டால் என்ஜினே லொறியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும். பிறேக்கை இடைக்கிடை அழுத்தி, விட்டு, ஆற வைக்கலாம். வேகம் ஏறியபிறகு கீழ்க் கியரைப் போட நினைத்து நியூற்றலுக்கு எடுத்தால், சில்லுச் சுற்றுகிற வேகத்தை என்ஜின் எட்டாது, கியர் விழாது, லொறி பாரத்தின் கையில் போய்விடும். ஆகையால் முடிவு எடுக்க வேண்டிய இடம் இறக்கத்தின் தலை. நடுவில் எடுக்கிற முடிவு முடிவே இல்லை. அன்றைக்குக் கீழே வந்ததும் அண்ணை என்னை இறக்கி, முன் சில்லுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோகச் சொன்னார். வெக்கை அடித்தது, ஆனால் கருகல் மணம் இல்லை. "இதுதான் உன்ர றிசல்ற்" என்றார். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் எனக்கு முன்னரே தந்திருந்த லைசென்ஸைவிட அந்தச் சொல்லைத்தான் நான் பெரிதாக வைத்திருக்கிறேன்.

1990 இல் போர் மறுபடி மூண்டபோது, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 வீதி மூடியது. டீசல், பெற்றோல், சீமெந்து, பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில். பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் துளிப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. லொறிகள் வளவுக்குள் நின்று ரயர் மண்ணில் புதைந்தன. அந்த வருடங்களில் பதினெட்டு வயதான பெடியளுக்கு உலகமே நாவற்குழிக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் முடிந்தது. ஓட்டப் பழகியவன்கூட ஆனையிறவைத் தாண்டிய றோட்டைக் கண்டதில்லை. அண்ணையிடம் இருந்து எனக்கு வந்த சங்கிலி அங்கேதான் அறுந்தது. எங்கள் பிழையால் அறவில்லை. ஆனால் அறுந்தது அறுந்ததுதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுக்க எழும்பிச் செம்மணி வெளியால் தென்மராட்சிக்கு நடந்தது. லட்சக்கணக்கான சனம், ஒரு றோட்டு, கொட்டும் மழை. ஒளித்து வைத்திருந்த கொஞ்சம் டீசலோடு, மண்ணெண்ணெயில் என்ஜின் ஒயிலைக் கலந்து ஊற்றி ஒரு லொறியைக் கிளப்பினோம். பின்னுக்குக் கிழவன் கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும். முன்னுக்கு மனிதர்களின் முதுகு. வெளிச்சம் போட முடியாது. கிளச்சை அரைவாசி மிதித்துக்கொண்டு ஊர்ந்தால் அரை மணித்தியாலத்தில் பிளேற் எரிந்துவிடும். எரிந்தால் நாவற்குழிப் பாலத்தில் லொறி நின்று, பின்னால் வருகிற எல்லாரையும் மறித்துவிடும். முதலாம் கியரில் விட்டு, கிளச்சை முழுக்க விட்டு, என்ஜின் தானாக ஊரும் வேகத்தில் விட வேண்டும். சனம் நின்றால் முழுக்க மிதித்து நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் காலை வைக்கக்கூடாது. ஒரு பெடியன் பம்பரில் கைவைத்தபடி முன்னால் நடந்தான். அவன் கையைத் தூக்கினால் நான் நிறுத்துவேன். கைதடி போய்ச் சேர விடிந்துவிட்டது. என் தொழிலில் நான் ஓட்டிய மிகக் கடினமான தூரம் அதுதான். நடந்து போகிற வேகத்தைத் தாண்டவில்லை.

2002 இல் சமாதானக் காலம் வந்து ஏ-9 திறந்தபோது பழையவர்கள் புதிதாகப் படிக்க வேண்டி வந்தது. இடம் கொடுக்கிறபோது சில்லைத் தாரால் இறக்கி மண்ணில் விடு என்றுதான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். முகமாலையிலும் பளையிலும் இறக்கினால் மிதிவெடி. றோட்டோரம் முழுக்க மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள். எதிரே பஸ் வந்தாலும் தாரை விட்டு இறங்கக்கூடாது. ஒருவர் நின்று மற்றவர் போக வேண்டும். ஒண்டுக்குப் போவதென்றாலும் றோட்டின் நடுவில்தான். ஓமந்தையிலும் முகமாலையிலும் இருந்த சோதனைச் சாவடிகளில் ஏற்றிய சாமானை இறக்கிக் காட்டி மறுபடி ஏற்ற வேண்டும். இறக்கி ஏற்றுகிறபோது பாரம் சரிவர இருக்காது; அதைச் சரிபார்க்கிற கண்ணும் தேவைப்பட்டது. அதுவும் நாலு வருடம்தான். 2006 ஓகஸ்ட் 11 உடன் றோட்டு திரும்ப மூடிற்று.

போர் முடிந்து றோட்டு திறந்தபிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. ஏ-9 காப்பெற் வீதியாகி விட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்து பூநகரிப் பக்கத்தால் இன்னொரு வழியும் கிடைத்தது. லொறிகளுக்குப் பவர் ஸ்ரியரிங், எயார் பிறேக், சத்தமில்லாமல் விழுகிற கியர். லைசென்ஸ் எடுக்கும் முறையும் ஒழுங்காகியிருக்கிறது: மருத்துவச் சான்றிதழ், எழுத்துப் பரீட்சை, எல் போட், பிறகு ட்ரயல். சிறு வாகனம் முதலில், கனரகம் பிறகு. இவை எல்லாம் நல்ல மாற்றங்கள். எங்கள் காலத்தில் இவை இருந்திருந்தால் சில பேர் இன்றும் உயிரோடு இருந்திருப்பார்கள்.

குறை வேறு இடத்தில். எங்கள் பக்கத்தில் ட்ரயலுக்குக் கொண்டு போகிற லொறி வெறும் லொறி. ஓடுகிற றோட்டு தட்டை றோட்டு. பழக்குகிறதும் அப்படியே. என் மருமகன், தங்கச்சியின் மகன், அப்படித்தான் கனரக லைசென்ஸ் எடுத்தான். கெட்டிக்காரன். எழுத்துப் பரீட்சையில் தடக்கவில்லை, ட்ரயலிலும் தடக்கவில்லை. வேலை கொடுத்த இடத்தில் சில நாளிலேயே மரக்கறி ஏற்ற நுவரெலியாவுக்குத் தனியாகப் போகச் சொன்னார்கள். பக்கத்தில் ஒருவரும் இல்லை, கிளீனரும் இல்லை. போன் காட்டுகிற வழி மட்டும். திரும்பி வந்தவனிடம் கேட்டேன்.

"இறக்கத்தில எந்தக் கியரில வந்தனீ?"

"அஞ்சாவது மாமா. பிறேக் நல்லாப் பிடிச்சுது. கடைசியிலதான் ஒரு மணம் வந்தது."

கியர் போட முடியாமல் போகும் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எக்ஸோஸ்ற் பிறேக் சுவிட்ச் எதற்கு என்றும் காட்டவில்லை. அவன் கையில் இருந்தது குறையில்லாத லைசென்ஸ். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்ந்தது பாரம் குறைவாக இருந்தபடியால். ஒரு தாயின் பிள்ளையை அப்படி நம்பி அனுப்ப எங்களுக்கு யார் உரிமை தந்தது?

கிளீனர் சீட் மறைந்ததற்குக் காரணம் கூலி. இரண்டாவது ஆளுக்கு நாட்சம்பளமும் சாப்பாடும் கொடுத்தால் ஓட்டத்தில் லாபம் நிற்காது என்கிறார்கள். பெடியளும் கிளீனராக ஏற விரும்புவதில்லை. அந்த அடியையும் இழிவையும் நினைத்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கூலியோடு சேர்த்து வேறு பலதும் போய்விட்டன. புத்தளத்துத் தேத்தண்ணிக் கடையில் சிங்களம் பழகியது போய்விட்டது. நடு இரவில் ரயர் வெடித்தால் அநுராதபுரத்துப் பக்கத்தில் யாரைத் தட்டி எழுப்பலாம் என்ற அறிமுகம் போய்விட்டது. நித்திரை வருகிறபோது தொடையில் தட்டுகிற கை போய்விட்டது.

எங்கள் ஊரில் இருந்து கனடாவுக்குப் போனவர்களில் பலர் இன்று அங்கே ட்ரக் ஓட்டுகிறார்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் 2017 ஜூலை 1 முதல் பெரிய ட்ரக் லைசென்ஸுக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, ஸ்ரியரிங் பிடித்து ஓட வேண்டிய நேரமும் அதற்குள் உண்டு. சுன்னாகத்தில் பாதி வயிற்றோடு எங்களுக்குக் கிடைத்ததை ரொறன்ரோவில் ஆயிரக்கணக்கான டொலர் கட்டி வாங்குகிறார்கள். ஆனால் அந்த நாட்டிலும் எல்லா மாகாணமும் ஒரே நேரத்தில் விழிக்கவில்லை. 2018 ஏப்ரல் 6 ஆம் திகதி சஸ்காச்சுவானில் ஒரு ட்ரக், நிறுத்தற் பலகையைத் தாண்டிப் போய், ஹம்போல்ட் புரொங்கோஸ் என்ற இளைஞர் ஹொக்கி அணியின் பஸ்ஸோடு மோதியது. 16 பேர் செத்தார்கள். ஓட்டியவர் தொழிலுக்குப் புதியவர், சில கிழமைப் பயிற்சியோடு தனியே அனுப்பப்பட்டவர். அவருடைய கவனம் பின் றெயிலரில் அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்த படங்கில் இருந்தது என்று வழக்கில் வெளிவந்தது. அதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. படங்கு அடிக்கிற சத்தம் கேட்டால் நிறுத்தி இறங்கிக் கட்டுவது கிளீனரின் வேலை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட வேண்டிய தேவை பக்கத்தில் ஆளுள்ள றைவருக்கு வராது. அடுத்த ஆண்டு மார்ச்சில் சஸ்காச்சுவானும் அல்பேர்ட்டாவும் பயிற்சியைக் கட்டாயமாக்கின.

எங்களுக்கு அத்தனை பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. புது றைவரின் முதல் மூன்று மாதம், மலை ஓட்டத்துக்கு மட்டுமாவது, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். வெறும் லொறியில் இல்லை, பாரத்தோடு. பயிற்சி கொடுக்கிறவர்கள் கடைசி நாளாவது சீமெந்துச் சாக்கு ஏற்றிக் காட்டட்டும். பாரத்தோடு பிறேக் பிடித்தால் லொறி எங்கே போய் நிற்கிறது என்பதை ஒரு தடவை கண்ணால் கண்டவன் மறக்க மாட்டான்.

சுன்னாகத்தில் எனக்குப் பழக்கமான லொறி முதலாளி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கணக்குப் பார்க்கிற மனிதர்.

"அண்ணை, றைவருக்குச் சம்பளம் குடுக்கவே மூச்சு வாங்குது. பக்கத்தில இருக்கிறவருக்கு ஆர் குடுக்கிறது?"

"ஒரு கிளச் பிளேற் எரிஞ்சா உனக்கு என்ன செலவு? ஒரு பாரம் மரக்கறி பள்ளத்துக்குள்ள போனா? அந்தப் பெடியன்ர தாய்க்கு என்ன சொல்லப் போறாய்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, மலை ஓட்டத்துக்கு மட்டும் மூண்டு மாசம் குடுக்கிறன். ஆனா அனுபவமான ஆள் எங்க? இருந்தவங்கள் முழுக்க வெளியில போயிட்டாங்களே" என்றார்.

ஆள் இருக்கிறார்கள். எழுபதுகளில் இறம்பொடையால் இறங்கியவர்கள் இன்னும் சிலர் மானிப்பாயிலும் நீர்வேலியிலும் கொடிகாமத்திலும் வீட்டு விறாந்தையில் இருக்கிறார்கள். கண் மங்கி ஸ்ரியரிங் பிடிக்க இயலாது. இடப்பக்கத்தில் இருந்து கியர் சொல்ல இயலும். அன்று பின்னேரமே போன் எடுக்கத் தொடங்கினேன். நீர்வேலிக்காரர் வாற வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்கு வருகிறார், மருமகன்தான் றைவர்.